தப்புக் கணக்குக்கு வந்த சரியான விடை

வீட்டிலும் சரி, வேலையிடத்திலும் சரி, அவளுக்கு ஒரே பெயர்தான்: டவுட்டு. பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வைத்தது. மணியடித்து, எல்லாரும் பையைத் தூக்கித் தோளில் மாட்டுகிற நேரம் பார்த்துப் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை எழும். "டீச்சர், ஒரு டவுட்டு." வகுப்பே பல்லைக் கடிக்கும். அந்தப் பெயர் கல்லூரிக்குக் கூடவே வந்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தபோது, கூடப் படித்த புண்ணியவான் ஒருவன் அங்கேயும் அதைக் கொண்டுவந்து இறக்கிவைத்தான். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பொய்யான பெயர் என்றால்தானே கோபிக்க?

சந்தேகம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து. அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கண் மட்டும் வேலையிலேயே இருக்கும். சோபாவில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். வந்தவர்கள் தங்களையும் அறியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொள்வார்கள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பார்வை சின்ன மகளிடம் தங்கிவிட்டது.

இப்போது அக்காவோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"நீ அப்படி என்னதான்டி ஆராய்ச்சி பண்றே?"

"காந்தம்."

"ஃப்ரிட்ஜுல ஒட்டுவாங்களே, அதா?"

"இது ஒட்டாத காந்தம்."

அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். டவுட்டு ஒரு தலையணை உறையைக் கீழே போட்டு அதன்மேல் மூன்று காலுறைகளை முக்கோணமாக வைத்தாள்.

"ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டி திசைகாட்டி முள்ளு மாதிரின்னு வெச்சுக்கோ. பக்கத்து முள்ளுக்கு நேரெதிரா நிக்கணும்னு அதுக்கு ஆசை. ரெண்டு பேர் மட்டும்னா பிரச்சினை இல்ல. ஒண்ணு மேல பாக்கும், ஒண்ணு கீழ பாக்கும். இங்க மூணு பேரு. மூணாவது ஆள் எங்க பாப்பான்? ஒருத்தனுக்கு எதிரா நின்னா, இன்னொருத்தனோட சேர்ந்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நம்ம வீட்டுல நான், நீ, உங்க அத்தான் மாதிரி."

"அதேதான்."

"அதனாலதான் அவர் கப்பல் ஏறிட்டாரு" என்று அக்கா காலுறைகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினாள்.

இந்த நிலைக்குத் துறையில் வைத்திருக்கும் பெயரே விரக்திதான். கோடானுகோடி முட்கள் ஒன்றையொன்று திருப்திப்படுத்த முடியாமல் விரக்தியில் தவிக்கும் பொருள்கள் உண்டு. அவற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் கடைசியில் அவை என்ன முடிவுக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. கருவி கிடையாது. மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு கணினி, சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. கையில் எப்போதும் மார்க்கர் மை. அக்கா அவளுடைய சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள்.

கணக்கைச் சோதித்துப் பார்ப்பவன் நிலவறையில் இருந்தான். அவனுக்கும் அவள் வயதுதான். எல்லாரும் அவனைக் குளிர்காரன் என்றார்கள். திரவ ஹீலியத்தால் பொருள்களைக் கொடுங்குளிருக்குக் கொண்டுபோய், அவற்றின் காந்தத்தை அளப்பான். அவனுடைய கருவி ஓர் அலமாரி உயரம் இருக்கும். விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் அதற்குள் பொருளை இறக்குவது கடையில் குளிர்பானத்துக்குத் தரும் சாதாரண உறிஞ்சுகுழலில்தான். கடுகளவு படிகத்தை வெறும் மருந்துக் கேப்சூலில் போட்டு, கேப்சூலைக் குழலுக்குள் செருகி, குழலை ஒரு கம்பியில் மாட்டி உள்ளே விடுவான். அந்தக் கேப்சூல்களுக்காக அலைந்தபோதுதான் பழக்கம் தொடங்கியது. "எங்க அக்கா மருந்துக்கடையிலதான் இருக்கா" என்று டவுட்டு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். அன்று முதல் இருவரும் வா, போ என்றுதான் பேசிக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் அவன் மூன்றாம் மாடிக்கு ஏறி வருவான், அல்லது அவள் இறங்கிப் போவாள். அக்காவுக்கு இதிலே வேறு ஒரு சந்தேகம் இருந்தது. அது அந்த வீட்டில் தினமும் இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது.

இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது பச்சை நிறத்தில் ஒரு புதுப் படிகம். குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முட்கள் எல்லாம் ஒரு சமரசத்துக்கு வரும், அந்த இடத்தில் அளவுக் கோடு ஒரு மேடு மாதிரி எழும்பி இறங்கும் என்று அவள் கணக்குச் சொன்னது. மேடு வரவேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்ட தாளை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான்.

இருவருக்கும் தலைவர் ஒரு பேராசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். இன்னொரு ஊரில் இன்னொரு குழு இதே படிகத்தைக் கையில் எடுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. டவுட்டின் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. குளிர்காரனுடையதும் அப்படியே. அவன் அதற்கு முன் அளந்த பொருள்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை; பேராசிரியர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியே நாளாகியிருந்தது.

ஒரு நாள் காலை, கட்டுரையின் பின்னிணைப்புக்காகத் தன் கணக்கை முதலிலிருந்து சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. திரும்ப மேலே போய்ப் பார்த்தாள். மறுபடி கீழே வந்தாள். காது சூடாகிவிட்டது.

ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணியிருந்தாள். இந்த அணுவுக்கும் பக்கத்து அணுவுக்கும் உள்ள பகையை ஒருமுறை, பக்கத்து அணுவுக்கும் இந்த அணுவுக்கும் உள்ள பகையை இன்னொரு முறை. இரண்டும் ஒன்றுதானே. முதலாண்டு மாணவன் செய்கிற பிழை. திருத்திப் பார்த்தால், மேடு அவள் சொன்ன வெப்பநிலையில் வரவே கூடாது. அதில் பாதியில்தான் வரவேண்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்து குளிர்காரனிடம் சொல்லிவிடலாம், சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. குளிர்காரன் திறந்த மடிக்கணினியைத் தட்டு மாதிரி கையில் ஏந்திக்கொண்டு நின்றான். பின்னால் பேராசிரியர். அவர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி வந்திருந்தார் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"பாரு," என்றான் குளிர்காரன். "உன் கோட்டு மேலயே வந்து உக்காந்திருக்கு."

திரையில் மேடு. அவளுடைய சிவப்புக் கோட்டின் மேல் குடை பிடித்ததுபோல, இம்மி பிசகாமல்.

"இப்படி ஒரு பொருத்தத்த நான் பாத்து ரொம்ப காலமாச்சும்மா," என்றார் பேராசிரியர். "உடனே எழுத ஆரம்பி. மாநாட்டுக்குத் தலைப்பு நானே இன்னிக்கு அனுப்பிடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். "நல்லா இருக்கு" என்றுதான் வந்தது.

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. கணக்கு தப்பு. தப்பான கணக்குக்கு இயற்கை எப்படிச் சரியென்று விடை சொல்லும்? இயற்கைக்கு அவள் போட்ட கோடு தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தவன்.

இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு இறங்குகிற இடத்தில் இறங்கவில்லை. அவளோடேயே வீட்டுக்கு வந்தது.

"என்ன, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா. "அந்தக் குளிர்காரனோட சண்டையா?"

"இல்லக்கா."

"இல்லன்னு நீ சொன்ன வேகத்துலயே தெரியுது."

மறுநாள் அவனிடம் கேட்டாள். "கருவி குடுத்த அசல் எண்கள் இருக்குமே, அத எனக்கு அனுப்பேன்."

"எதுக்கு?"

"சும்மா, பின்னிணைப்புல போட."

"நாளைக்கு அனுப்பறேன்" என்றான். மறுநாள் அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கடைசியில் அனுப்பியபோது வரிசையில் ஒரு நாளின் அளவீட்டைக் காணவில்லை.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கே?"

"அன்னிக்குக் கரண்ட் போச்சு. பாதியில நின்னுடுச்சு."

அவள் சும்மா இருந்திருக்கலாம். மின்பணியாளரைத் தேடிப் போய், வேறு எதையோ கேட்பதுபோல அதையும் கேட்டாள். அவர் சிரித்தார். "இந்தக் கட்டடத்துல கரண்டா? ஜெனரேட்டர் எதுக்கு வெச்சிருக்கோம் மேடம். போகாது."

அவ்வளவுதான். சந்தேகத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியானது. எண்களை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தாள். கையால் இட்டுக்கட்டிய எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும். அசல் எண்கள் தாறுமாறாக இருக்கும். இவை தாறுமாறாகத்தான் இருந்தன. நிம்மதி வரவேண்டிய இடம். அவளுக்கோ, இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறானே என்று தோன்றியது. மகிழ்ச்சியாக இருந்தால் நடிக்கிறான்; பேசாமல் இருந்தால் பயப்படுகிறான். அவள் நிலவறைக்குப் போனபோது திரையைச் சட்டென்று அணைத்தான். முன்பு சாத்தாத கதவை இப்போது பூட்ட ஆரம்பித்திருந்தான்.

தன் கணக்கிலுள்ள பிழையை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அவனைப் பிடிக்கவேண்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள். அந்த நியாயத்தை அப்பா பார்த்திருந்தால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

ஒரு நாள் சிற்றுண்டிக் கூடத்தில் எதிர்ப்பட்டபோது குளிர்காரன், "கட்டுரை எந்த அளவுல இருக்கு? சொல்லவே மாட்டேங்கறீங்க" என்றான்.

'றீங்க.' கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"இப்ப என்ன புதுசா மரியாதை?"

"நீங்க எனக்குக் காட்டுற மரியாதைதான். போன வாரம் வெளியூர்லேருந்து வந்தாரே, அந்தப் போட்டிக் குழுக்காரர், அவரோட உக்காந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க. அதுக்கப்புறம்தான் அசல் எண்ணக் கேட்டீங்க."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. வெளியூர்க்காரர் அவளிடம் கேட்டது ரயில் நிலையத்துக்கு எந்தப் பேருந்து போகும் என்று. பிறகு தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார், விடவில்லை. அதைச் சொன்னால் இவன் நம்புவானா? நம்பமாட்டான். அவன் சொன்ன கரண்ட் கதையை அவள் நம்பவில்லையே.

இதற்கிடையில் பேராசிரியர் தினமும் கதவைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை கட்டுரை போயாகணும்மா. இயற்கையே நமக்குக் கை கொடுத்திருக்கு, நீ ஏன் அத உதறிட்டு நிக்கறே?"

வியாழக்கிழமை காலை அவள் நிலவறைக்கு இறங்கினாள். பம்பு டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. குளிர்காரன் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தடவ அளக்கணும். நான் பக்கத்துல இருக்கேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஏனென்று கேட்கவில்லை. கேட்காமலேயே அவனுக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. "உக்காருங்க" என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டான்.

அவன் படிகத்தைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தான். கேப்சூலில் போட்டான், பஞ்சு அடைத்தான், குழலில் செருகினான், கம்பியில் மாட்டினான், உள்ளே இறக்கினான். ஒவ்வொன்றையும் செய்துமுடித்ததும் கையை விரித்துக் காட்டாத குறை. அவளும் கண்ணை எடுக்கவில்லை. விசைப்பலகையில் அவன் விரல் படும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். கருவி குளிர்ந்துகொண்டே போனது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக, எறும்பு ஊர்கிற வேகத்தில் வந்தன.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. பசிக்கவில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். இருவரும் எழுந்தால்தானே யாராவது ஒருவர் எழமுடியும்.

பிற்பகலில் புள்ளிகள் ஏறத் தொடங்கின. மெல்ல ஏறி, சிவப்புக் கோட்டுக்கு நேராக உச்சிக்கு வந்து, மெல்ல இறங்கின. அவள் கண்ணெதிரே. யாரும் எதையும் தொடவில்லை.

இவன் பொய் சொல்லவில்லை. மின்பணியாளர் என்ன சொன்னாலும், கதவை ஏன் பூட்டினாலும், இவன் எதையும் வரையவில்லை. அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம். தப்பான கோட்டின் மேல் ஒரு நிஜமான மேடு.

"திருப்தியா?" என்றான் குளிர்காரன்.

"இல்ல," என்றாள். "நான் குடுத்த கோடு தப்பு."

அவன் திரும்பினான்.

"ஜோடிகள ரெண்டு தடவ எண்ணிட்டேன். மேடு இதுல பாதியிலதான் வரணும். நீ முதல் தடவ மேல வந்தியே, அன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன்."

பம்பு அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப இவ்வளவு நாளா, நான் உங்க கோட்டப் பாத்து வரைஞ்சிட்டேன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"திருடன்னு."

அவள் பார்வையைத் திரைப்பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு நெஜமாவே கரண்ட் போச்சு. மேல இல்ல, இங்க மட்டும். பிரேக்கர் விழுந்துடுச்சு. நானே தூக்கிவிட்டேன். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டேனே."

"கேக்கல. விசாரிச்சீங்க."

அவன் எழுந்து, குழலை வெளியே இழுக்கும் வேலையைத் தொடங்கினான். போகச் சொல்கிறானோ என்று அவளும் எழுந்தாள். ஆனால் அவன் கை பாதியில் நின்றது. முதுகைத் திருப்பியபடியே கேட்டான்: "உங்க புதுக் கணக்கு சரின்னு உறுதியா தெரியுமா?"

"தெரியும். மூணு வழியில போட்டுப் பாத்தேன்."

"அப்ப இந்த மேடு படிகத்தோடது இல்ல."

"வேற எதோடதுன்னு எனக்கும் தெரியல."

"படிகத்த எடுத்துட்டுப் பாக்கலாம்."

மறுநாள் காலை, பேராசிரியர் கட்டுரை கேட்ட அதே வெள்ளிக்கிழமை, வெறும் கேப்சூலை வெறும் குழலில் வைத்து உள்ளே இறக்கினான். படிகம் மேசை மேல் கண்ணாடித் தட்டில், இருவர் கண்ணிலும் படும்படி இருந்தது. புள்ளிகள் ஊர்ந்தன. ஏறின. இறங்கின. உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் மேடு அப்படியே அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

குளிர்காரன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"காத்து," என்றான்.

"என்னது?"

"காத்து உள்ள போயிருக்கு. ஆக்சிஜன். அதுக்குன்னு ஒரு காந்தத்தனம் உண்டு. உறைஞ்சா சரியா இந்தப் பக்கத்துலதான் மேடு காட்டும். இந்த வேலையில சேர்ற எல்லாருக்கும் மொதல்ல சொல்லிக்குடுக்கறது இது. நானே புதுசா வந்தவங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கேன்."

"அப்புறம் எப்படி..."

"உங்க கோடு அங்க இருந்துச்சு," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "இருந்ததால நான் வேற எதையும் தேடல. ஒரு வருஷமா ஒண்ணுமே வரல எனக்கு. வந்ததும் கண்ண மூடிக்கிட்டேன்."

மேல் மூடியைக் கழற்றினான். அதன் ரப்பர் வளையத்தில் ஓரிடம் நைந்து, தொட்டால் விரலோடு வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தான். பார்த்தால் ஒன்றுமே இல்லை. சமையலறை ஜாடி மூடியில் இருப்பதுபோல ஒரு கறுப்பு வளையம்.

இருவரும் சேர்ந்துதான் பேராசிரியரிடம் போனார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வாரமா நீங்க ரெண்டு பேரும் மூஞ்ச குடுத்துப் பேசிக்கல. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? இப்ப திடீர்னு ஒண்ணா வந்து, எல்லாம் தப்பு, கட்டுரை வேண்டாங்கறீங்க. நெஜத்தச் சொல்லுங்க. என்னைச் சேத்துக்காம தனியா எழுதறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

டவுட்டுக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. குளிர்காரனைப் பார்த்தாள். அவனுக்கும் அதே அவஸ்தை என்று தெரிந்தது. இத்தனை நாளில் இருவரும் ஒன்றாக உணர்ந்தது அந்த ஒரு நொடிதான். பிறகு குளிர்காரன் ரப்பர் வளையத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். வெறுங்குழலின் மேட்டையும் அவள் திரையில் காட்டினாள். பேராசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். அவர் அவசரக்காரர், ஆனால் முட்டாள் இல்லை.

"தலைப்பு அனுப்பியாச்சு," என்றார் கடைசியில். "நானே எழுதி வாபஸ் வாங்கிக்கறேன். போங்க."

போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ரெண்டு தடவ எண்ணினேன்னு சொன்னியே, அது எப்ப தெரியும் உனக்கு?"

சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவள் பல நாள் யோசித்தாள்.

புது வளையம் வந்தது. காற்றை முழுக்க வெளியேற்றி மறுபடி அளந்தார்கள். சிவப்புக் கோட்டில் மேடு போன இடம் தெரியவில்லை. வழித்துவிட்ட மாதிரி சமதளம். பாதி வெப்பநிலைக்குப் பக்கத்தில் மட்டும் கோடு ஒரு துளி வளைந்தது. அது மேடா, பார்க்கிறவர்களின் ஆசையா என்று சொல்லமுடியாத வளைவு. அவளும் நம்பவில்லை, அவனும் நம்பவில்லை. படிகத்தை இன்னொரு ஊரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று முடிவானது. எங்கே பார்க்கவேண்டும் என்று அவர்களிடம் சொல்லக்கூடாது என்று டவுட்டு அடம்பிடித்தாள். பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பதில் வர மாதங்கள் ஆயின. வளைவு இருக்கிறது என்றார்கள். அவள் திருத்திய கோட்டிலிருந்து கொஞ்சம் கீழே. கணக்கில் அவள் விட்டுவிட்ட ஒரு சின்ன விசையைச் சேர்த்தால் அந்த வித்தியாசம் விளங்கியது. முழுதாக இல்லை, பெரும்பாலும். அதைத்தான் ஒரு சிறிய கட்டுரையாக எழுதினார்கள். யாரும் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வரவில்லை. உறைந்த காற்றின் கதையையும் பின்னிணைப்பில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாள். அந்தப் பின்னிணைப்பைத்தான் நிறையப் பேர் படித்தார்கள். எங்கள் கருவியிலும் இதே மேடு வந்து ஏமாந்தோம் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

டவுட்டுக்கு ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. அடுத்த வேலைக்குப் பேராசிரியர் எழுதிய பரிந்துரையில் 'அளவுக்கு மீறிய எச்சரிக்கை உடையவர்' என்று இருந்ததாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டாள். அது பாராட்டா, புகாரா என்று அக்காவிடம் கேட்டாள்.

"ரெண்டும்தான்," என்றாள் அக்கா. "சரி, அந்தக் குளிர்காரன் இப்பல்லாம் போனே பண்றதில்லையே?"

அவன் வேலையை விட்டுப் போகவிருந்தான். மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்திருந்தது. அங்கேயும் காந்தம்தான், அங்கேயும் குளிர்தான். சம்பளம் மட்டும் வேறு. கடைசி நாளன்று அவள் நிலவறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. மீதமிருந்த கேப்சூல்களை அவன் டப்பாவில் போட்டு, அடுத்து வருகிறவருக்காக மேசை ஓரத்தில் வைத்திருந்தான்.

"மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்," என்றாள். "முன்னாடியே கேட்டிருக்கணும்."

"பரவாயில்ல. நானும் உங்கள நம்பல. அந்த வெளியூர்க்காரர் விஷயத்துல." அவன் கம்பிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நான் மறுபடி அளக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் ஏதாவது தில்லுமுல்லு பண்ணி மாட்டியிருந்தேன்னு வெச்சுக்கோங்க. உங்க கணக்கு தப்புன்னு அப்புறம் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்களா? இல்ல, எல்லாப் பழியும் என்னோட போகட்டும்னு பேசாம திருத்திக்கிட்டிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சொல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அன்று முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனதில் என்ன இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். அவன் கைகள்தான் ஞாபகம் வந்தன. தன்னைப் பற்றி ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"தெரியல," என்றாள்.

அவன் தலையசைத்தான். எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது, அல்லது அதைவிடக் கொஞ்சம் மேலான பதில். "என் புத்தகப் பெட்டி கனமா இருக்கு," என்றான். "அந்தப் பக்கம் பிடிக்கறீங்களா?"

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் படியேறினார்கள்.